பரிமாறுவதோடு நம் வேலை முடிந்தது

சாயங்காலம் ஆறரை மணி ஆனால் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நாடகம் தொடங்கிவிடும். மருமகள் கையில் எவர்சில்வர் கிண்ணம். அதில் நெய் விட்டுக் குழைத்த பருப்புச் சோறு. இடுப்பில் ஒரு வயது பத்து மாதப் பேத்தி. கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்த செல்போனில் யானை ஆடும், கரடி பாடும். அப்பத்தா காக்காயைக் கூப்பிடுவாள். நான் எதிர்வீட்டு நாயை நலம் விசாரிப்பேன். காக்காயைப் பார்த்துப் பாப்பா வாயைப் பிளக்கிற அந்த ஒரு நொடிக்குள் ஒரு வாய்ச் சோறு உள்ளே போய்விட வேண்டும். போய்விடும். ஆனால் விழுங்க மாட்டாள். கன்னத்தில் அதக்கிக்கொண்டு கால் மணி நேரம் அப்படியே இருப்பாள்.

“முழுங்கு தங்கம்… ஆ காட்டு, ஆ…” என்று கெஞ்சல் தொடங்கும். “இப்ப முழுங்கல, ஊசி போடுற மாமாகிட்டப் பிடிச்சுக் குடுத்துருவேன்” என்று மிரட்டலில் போய் முடியும்.

ஒருநாள் அப்படித்தான், ஒரு மணி நேரம் போராடி ஊட்டிய அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது. மருமகள் குழந்தையை என்னிடம் தந்துவிட்டுத் தரையைத் துடைத்தாள். “நாங்களும்தான் பெத்து வளத்தோம். பிள்ளைக்குச் சோறூட்ட ஒரு பக்குவம் வேணும்” என்றாள் என் மனைவி. மருமகள் பதில் சொல்லவில்லை. துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள், தண்ணீர் வடிந்து தீர்ந்த பிறகும். அந்த நேரம் பார்த்து மகனிடமிருந்து போன். வேலையிடத்திலிருந்து அவன் தினமும் கேட்கும் ஒரே கேள்வி: “பாப்பா சாப்பிட்டாளா?”

தமிழ் வீடுகளில் குழந்தையின் சோற்றுக் கிண்ணம் தாய்க்கு வைக்கும் பரீட்சை. கிண்ணம் காலியானால் தேர்ச்சி, மீந்தால் தோல்வி. மதிப்பெண் போட மாமியார், நாத்தனார், எதிர்வீட்டு அக்கா என்று ஊரே உட்கார்ந்திருக்கிறது. “என்னடி, பிள்ள இப்படி இளைச்சுப் போச்சு?” என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். அன்று ராத்திரி குழந்தையின் வாயில் நாலு வாய் கூடுதலாகத் திணிபடும்.

நான் சொல்ல வருவது இதுதான். ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தை சாப்பிட அடம்பிடிப்பது, பெரும்பாலும், அந்த வயதின் இயல்பு. அதற்குத் தாயைக் கூண்டில் ஏற்றுவதில் அர்த்தமில்லை. தட்டில் என்ன வைக்கிறோம், எப்போது வைக்கிறோம் என்பது பெரியவர்கள் பொறுப்பு. எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பது குழந்தையின் வயிறு எடுக்க வேண்டிய முடிவு. இதைச் சொல்ல உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், குற்றவாளிகளில் நானும் ஒருவன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

27 கிலோ கணக்கு

மூன்று கிலோவில் பிறக்கும் குழந்தை ஐந்தாம் மாத வாக்கில் ஆறு கிலோ ஆகிவிடுகிறது. முதல் பிறந்த நாளில் ஏறக்குறைய ஒன்பது கிலோ. அதாவது ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. அதே வேகத்தில் வளர்ந்தால் இரண்டாவது பிறந்த நாளில் 27 கிலோ இருக்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் எடை! இயற்கை அப்படி விடுவதில்லை. இரண்டாம் ஆண்டில் குழந்தை கூடுவது சுமார் இரண்டரைக் கிலோதான். வளரும் வேகம் குறையும்போது பசியும் குறைகிறது. முதல் ஆண்டில் ஆவென்று வாயைத் திறந்த பிள்ளை இரண்டாம் ஆண்டில் வாயை மூடிக்கொள்வதன் முதல் காரணம் இது. நம் கண்ணில் நிற்பது பழைய பசி. புதிய உடம்புக்குப் பழைய அளவை ஊட்டப் பார்க்கிறோம்.

‘அது வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கணக்கு’ என்று தள்ளிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவீடுகள் ஆறு நாடுகளின் குழந்தைகளை அளந்து உருவானவை. அவற்றில் டெல்லிக் குழந்தைகளும் உண்டு.

இரண்டாவது காரணம் கால். நடக்கத் தொடங்கிய குழந்தை கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போட்டுக்கொள்ளும். காட்டிலும் மேட்டிலும் மனிதர்கள் வாழ்ந்த காலத்தில், தெரியாத காயைக் கண்டு தயங்கிய குழந்தை பிழைத்தது. புதிய உணவின் மேல் இந்த வயதில் வரும் சந்தேகத்தை இப்படித்தான் ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். கசப்பு, விஷத்தின் அடையாளமாக இருந்திருக்கலாம். இனிப்பு, பழுத்த பழத்தின் அடையாளம். முருங்கைக்கீரையைத் துப்பிவிட்டு வாழைப்பழத்தை வாங்கிக்கொள்ளும் பேத்தி ஆதி காலத்து எச்சரிக்கையைத்தான் இன்னும் கடைப்பிடிக்கிறாள். ஆறு ஏழு வயதுக்குள் இது பெரும்பாலும் தானே தணிந்துவிடும்.

மூன்றாவது காரணம், ‘வேணாம்’ என்கிற சொல். இரண்டு வயதுக் குழந்தையின் கையில் வேறு எந்த அதிகாரமும் இல்லை. எங்கே போவது, எப்போது தூங்குவது, எந்தச் சட்டை போடுவது எல்லாவற்றையும் நாம் முடிவு செய்கிறோம். வாய் மட்டும் அதன் வசம். அந்த வாசலில் அது காவல் நிற்பதில் என்ன ஆச்சரியம்?

கரண்டியோடு காத்திருந்தவர்கள்

குழந்தையிடம் முடிவை விட்டால் அது பட்டினி கிடந்துவிடாதா? கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்வியை ஒரு மருத்துவர் நேராகவே சோதித்துப் பார்த்தார். அமெரிக்காவைச் சேர்ந்த கிளாரா டேவிஸ் 1926இல் தொடங்கிய ஆய்வு அது. தாய்ப்பால் மறக்கும் பருவத்துக் குழந்தைகளை மருத்துவமனையில் தங்க வைத்து, வேளாவேளைக்கு அவர்கள் முன் ஒரு தட்டம் வைக்கப்பட்டது. பால், முட்டை, இறைச்சி, ஈரல், மீன், தானியக் கஞ்சி, காய், பழம், தனிக் கிண்ணத்தில் உப்பு. முப்பதுக்கும் மேற்பட்ட பண்டங்களிலிருந்து ஒவ்வொரு வேளைக்கும் சில வைக்கப்பட்டன. பக்கத்தில் கரண்டியோடு ஒரு செவிலியர். குழந்தை ஒன்றைக் காட்டினாலோ கை நீட்டினாலோ மட்டும் அவர் எடுத்துக் கொடுக்கலாம். ‘இதைச் சாப்பிடு’ என்று சொல்லக் கூடாது. முகத்தில்கூடக் காட்டக் கூடாது.

ஆறு ஆண்டுகளில் பதினைந்து குழந்தைகள் இந்த ஆய்வில் இருந்தார்கள். அவர்கள் தின்ற விதத்தைப் பார்த்தால் எந்த அப்பத்தாவும் தலையில் கை வைத்துக்கொள்வாள். காலையில் அரை லிட்டர் ஆரஞ்சுச் சாறும் ஈரலும். ராத்திரியில் பல முட்டைகளும் வாழைப்பழமும் பாலும். ஒருநாள் மலையாய்த் தின்றதை மறுநாள் தொடுவதில்லை. ஆனால் மாதக் கணக்கில் கூட்டிப் பார்த்தபோது அவரவர் உடம்புக்கு வேண்டியது போய்ச் சேர்ந்திருந்தது. எலும்பு வலுவிழக்கும் ரிக்கெட்ஸ் நோயோடு வந்த ஒரு குழந்தை, தட்டத்தில் வைத்த மீன் எண்ணெயைத் தானே எடுத்துக் குடித்தது. நோய் தீர்ந்த பிறகு அதை விட்டுவிட்டது.

1939இல் இந்த முடிவுகளை எழுதியபோது டேவிஸ் ஒன்றை மறைக்காமல் ஒப்புக்கொண்டார்: சூட்சுமம் பண்டங்களின் பட்டியலில் இருந்தது. அதில் சர்க்கரை இல்லை, தீட்டிய மாவு இல்லை, டப்பா உணவு இல்லை. குழந்தை எதை எடுத்தாலும் நல்லதாகவே இருக்கும்படி பெரியவர்கள் முதலிலேயே தேர்ந்து வைத்துவிட்டார்கள். பிஸ்கட்டும் சிப்ஸும் இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும். ஆகவே, ‘குழந்தை இஷ்டம்’ என்று பெரியவர்கள் கைகழுவிவிட முடியாது. பட்டியல் நம்முடையது. எடுப்பதும் விடுவதும் அதனுடையது.

உணவியலாளர் எலின் சாட்டர் 1980களில் இதையே வேலைப் பங்கீடாகச் சொன்னார். என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பங்கு; எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பது குழந்தையின் பங்கு. இன்றைக்குக் குழந்தைகள் நல மருத்துவர்கள் பலர் சொல்லும் அறிவுரையின் சாரம் இதுதான். நாம் தலைகீழாகச் செய்கிறோம். “பாப்பாவுக்கு என்ன வேணும்?” என்று அதன் வேலையல்லாத கேள்வியை அதனிடம் கேட்கிறோம். ‘இன்னும் நாலு வாய்’ என்று நம் வேலையல்லாத முடிவை நாம் எடுக்கிறோம்.

லஞ்சமும் அப்படித்தான். “கீரை சாப்பிட்டா சாக்லேட் தருவேன்” என்றால் குழந்தைக்குப் புரிவது, கீரை தண்டனை, சாக்லேட் விடுதலை. பரிசுக்காகத் தின்ற பண்டத்தின் மேல் குழந்தைக்கு விருப்பம் குறைகிறது என்பதை லியான் பிர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களிலேயே காட்டிவிட்டார். புதிய உணவை எட்டு முதல் பதினைந்து முறை வரை, வற்புறுத்தாமல், கண்ணில் காட்டியும் நாக்கில் தொட்டும் பழக்கினால்தான் பிடித்துப்போகும் என்பதும் அவர் வழியில் வந்த ஆய்வுகள் சொல்வதுதான். நாம் மூன்றாம் முறையோடு ‘இவளுக்குப் பீர்க்கங்காய் ஆகாது’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

செல்போனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திரையைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறக்கும் குழந்தைக்குப் பசித்ததும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு வகுத்த வழிகாட்டல். தூரத்து ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியோடு வீடியோவில் பேசுவதற்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கில் சோறு வராது.

என் நோட்டுப் புத்தகம்

வாந்தி எடுத்த அந்த நாளுக்குப் பிறகு ஒரு நோட்டைத் திறந்து மூன்று நாள் பேத்தியின் வாய்க்குள் போனதையெல்லாம் குறித்து வைத்தேன். முதல் நாள் பக்கம் இது: 

காலை 6.30, ஒரு டம்ளர் பால், மாவு கலந்தது. 7.30, என் காப்பியில் நனைத்த ரஸ்க் ஒன்று. 9.00, இட்லி, கால் பங்கு, ‘சாப்பிடவே இல்லை’. சாப்பிடவில்லையே என்று 9.30க்கு மறுபடி பால். 11.00, கடைக்குப் போனபோது நான் வாங்கித் தந்த பிஸ்கட் மூன்று. 12.30, சோறு, ஐந்து வாய், அழுகை. 3.00, தூங்கி எழுந்ததும் பால். 4.30, எதிர்வீட்டு அக்கா கொடுத்த முறுக்கு. 5.30, அப்பத்தாவின் டீயில் இரண்டு மடக்கு. 6.30, மாடி நாடகம். 8.30, ‘ராத்திரி பசியில எந்திரிச்சுருவா’ என்று மறுபடி பால்.

கூட்டிப் பார்த்தேன். பால் மட்டும் 800 மில்லி. ‘ஒன்றுமே சாப்பிடாத’ குழந்தை பொழுதெல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சோற்று வேளைக்கு அதன் வயிற்றில் இடம் இல்லை. அதில் ரஸ்க்கும் பிஸ்கட்டும் என் உபயம்.

ஒரு வயதுக்கு மேல் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் தேவையில்லை என்கிறார்கள் மருத்துவர்கள். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அது வயிற்றை நிரப்பி மற்ற உணவுக்கு வழியடைக்கும். டீயோ, சோற்றில் இருக்கும் கொஞ்ச இரும்புச்சத்தையும் உடம்பில் சேரவிடாது. இரத்தம் குறைந்த குழந்தைக்குப் பசி மந்தம். பசி மந்தமானால் பால் மட்டும் இறங்கும். பால் ஏறினால் இரத்தம் இன்னும் குறையும். செக்குமாடு மாதிரி இந்தச் சுற்றில் எத்தனையோ குழந்தைகள்.

பயத்துக்கு ஒரு சந்தை

‘என் பிள்ளை சாப்பிடவே மாட்டேங்குது’ என்ற கவலைக்கு நாட்டில் பெரிய வியாபாரம் நடக்கிறது. கிராமத்துப் பக்கம் ‘இங்கு தொக்கம் எடுக்கப்படும்’ என்று பலகை தொங்கும். தொண்டையில் எதுவோ சிக்கியிருக்கிறது என்று சொல்லி, எடுத்தும் காட்டுவார்கள். இன்னோர் இடத்தில் குடலேற்றம் என்று எண்ணெய் தடவி வயிற்றைத் தட்டுவார்கள். தவித்துப் போன தாய் அந்த வாசலில் நிற்பதைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. நகரத்து மருந்துக் கடையில் ‘பசி எடுக்க ஒரு டானிக்’ என்று கேட்டு வாங்குவதும் ஏறக்குறைய அதே வாசல்தான். அந்த சிரப்புகள் பலவற்றில் இருக்கும் சைப்ரோஹெப்டடின் அடிப்படையில் ஒவ்வாமைக்கான மருந்து. தூக்கக் கலக்கம் தரும். பசியைக் கூட்டுவது அதன் பக்கவிளைவு. மருத்துவர் பார்த்து, தேவையென்று எழுதிக் கொடுத்தால் சரி. நாமாக வாங்கி ஊற்றுவது சரியில்லை.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உணவுக்கும் பால் மாவுக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992ஆம் ஆண்டுச் சட்டமும் 2003இல் வந்த அதன் திருத்தமும் சொல்கின்றன. இரண்டு வயது தாண்டியதும் அந்த வேலி முடிகிறது. உயரமாக வளரும், மூளை சுறுசுறுப்பாகும் என்று டப்பாக்கள் வரிசை கட்டுகின்றன. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே இல்லை. அந்தத் தலைப்பின் கீழ் பானங்களை விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகம் இணைய விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. பெயர் போனது. சர்க்கரை போகவில்லை, நம் பயமும் போகவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி

இத்தனை பதற்றத்தில் கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிடுகிறோம். ‘எவ்வளவு சாப்பிட்டது?’ என்கிறோம். ‘என்ன சாப்பிட்டது?’ என்று கேட்பதில்லை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நான்கில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. இவர்கள் எல்லோரும் ஏழை வீட்டுப் பிள்ளைகள் இல்லை. வெள்ளைச் சோறும் பாலும் பிஸ்கட்டுமாகக் கிண்ணம் காலியாகும் வீடுகளிலும் இரத்தம் குறைகிறது. ஆட்டுச் சுவரொட்டி, ஈரல், முட்டை, முருங்கைக்கீரை, பயறு, கேழ்வரகு, அதோடு ஒரு பிழி எலுமிச்சை. நம் சமையலறைக்குத் தெரியாத மருந்து எதுவும் இதில் இல்லை. அதில் இரண்டு கரண்டி போனாலும் அது வெள்ளைச் சோறு ஒரு கிண்ணத்துக்கு மேல்.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று தள்ளும் சுதந்திரம், தட்டில் சோறு இருக்கும் குழந்தைக்குத்தான். உண்மையிலேயே எடை குறைந்த குழந்தையின் கதை வேறு. அதற்கு உதவி வேண்டும். இரண்டையும் பிரித்துச் சொல்வது எடை மெஷினும் தடுப்பூசி அட்டையில் இருக்கும் வளர்ச்சி வரைபடமும்தான், எதிர்வீட்டு அக்காவின் கண் இல்லை. கோடு மேல்நோக்கிப் போகிறதா, குழந்தை ஓடி விளையாடுகிறதா? நிம்மதியாக இருக்கலாம். எடை இறங்கினாலோ, மாதக் கணக்கில் ஏறாமல் நின்றாலோ, விழுங்கும்போதெல்லாம் புரையேறினாலோ, மண், சுவர்ச் சுண்ணாம்பு, சாக்பீஸ் தின்றாலோ, மலம் இறுகி அழுதாலோ, பத்துப் பண்டம் தின்றது இரண்டு மூன்றாகச் சுருங்கி, பேச்சும் முகம் பார்த்துச் சிரிப்பதும் குறைந்தாலோ மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். அது அடம் கணக்கில் வராது.

எடை பார்த்து வழிகாட்டும் வேலைக்கு நம் கையில் ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது: அங்கன்வாடி. வீட்டில் வாயே திறக்காத பிள்ளை அங்கே வரிசையில் உட்கார்ந்து தானே எடுத்துச் சாப்பிடுவதைப் பல தாய்மார் வியந்து சொல்லக் கேட்டிருக்கிறேன். அதில் மந்திரம் ஏதும் இல்லை. பக்கத்துப் பிள்ளை சாப்பிடுகிறது, இதுவும் சாப்பிடுகிறது. ஆயாம்மாவுக்கு இருபது பிள்ளைகள். ஒரு பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு நேரம் இல்லை. அந்த அலட்சியம்தான் அங்கே பக்குவம். மாதா மாதம் எடை பார்க்கும் அந்த மையங்களில், எடையை எழுதிக்கொள்வதோடு நிறுத்தாமல் பத்து நிமிடம் தாயிடம், முடிந்தால் தகப்பனிடமும் மாமியாரிடமும், பேசுவதையும் அரசு ஒரு வேலையாக ஆக்க வேண்டும். டானிக் பாட்டில்களுக்கு ஆகும் செலவைவிட அது மலிவு.

கை அளைந்த சோறு

குழந்தை சாப்பிடும் அழகைத் தமிழ் போல் பாடிய மொழி குறைவு. புறநானூற்றில் பாண்டியன் அறிவுடைநம்பியின் பாட்டையும் திருக்குறளில் மக்கட்பேறு அதிகாரத்தையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். இத்தனை நாள் கண்ணில் படாத ஒன்று பட்டது. இரண்டிலும் சோற்றில் இருப்பது குழந்தையின் கை. ஊட்டும் கை எங்கேயும் காணோம். சிந்துவதும் பூசிக்கொள்வதும்தான் அங்கே இன்பம். நாம் அந்தக் கையைப் பிடித்துத் துடைத்து, மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, கரண்டியை நீட்டுகிறோம்.

எங்கள் வீட்டில் இப்போது மாடி ஏறுவதில்லை. ராத்திரி ஏழரைக்கு எல்லோரும் தரையில் உட்காருகிறோம். பாப்பாவுக்கும் ஒரு பழைய விரிப்பு, அவளுக்கென்று ஒரு சின்னத் தட்டு. எங்களுக்கு வைப்பதே அவளுக்கும், காரம் குறைத்து. பால் இரண்டு டம்ளரோடு சரி. என் சட்டைப் பையில் பிஸ்கட் இல்லை. மகன் சீக்கிரம் வரும் நாட்களில் விரிப்பைக் கழுவுவது அவன் வேலை. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். முதல் வாரம் மூன்று நாள் ஒன்றும் தொடவில்லை. என் மனைவி இரண்டு ராத்திரி தூங்கவில்லை. கீரையை இன்னும் எடுத்துத் தட்டுக்கு வெளியே வைத்துவிடுகிறாள். நாங்கள் மறுநாள் மறுபடி வைக்கிறோம்.

நேற்று இரண்டு பிடி சோறு, முட்டையில் பாதி, தரையெங்கும் பருக்கை. “போதும்” என்று எழுந்துவிட்டாள். அப்பத்தா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மருமகளைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் தட்டில் மீந்ததை வழித்து மூடி வைத்தாள். காலையில் அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். இத்தனை மாதமாகச் சாட்சிக்கு மட்டும் கூப்பிட்ட காக்காய்க்கு, முதல் முறையாகச் சோறு கிடைத்தது.